விளாவிய தண்ணீர்

அக்டோபர் 13, திங்கள்

இந்த டைரி உரக்கடைக்காரர் சும்மா கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு டிராக்டர். எனக்கு எதற்கு டிராக்டர்? ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அரசாங்கம் கொடுக்கும் நாட்குறிப்பில் 'பார்வையிடப்பட்டது', 'அறிவுறுத்தப்பட்டது' என்றுதான் எழுத முடியும். யார் கதவைத் திறக்கவில்லை, யார் திறந்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள் என்பதையெல்லாம் எங்கே போய் எழுதுவது? பதினாறு வருடமாகக் கிராம சுகாதாரச் செவிலியர் வேலை. இரண்டு டைரி இல்லாமல் எனக்கு ஒரு வருடமும் ஓடியதில்லை.

சனிக்கிழமை பிடித்த மழை இன்று காலையில்தான் விட்டது. துணை சுகாதார நிலையத்தின் பின்னறையில்தான் என் குடித்தனம். தடுப்பூசிப் பெட்டிக்கு நேர் மேலே ஒழுகுகிறது. பெட்டியை நகர்த்தினேன். ஒழுகலும் கூடவே நகர்ந்தது. இப்போது பெட்டியின் மேல் குடை.

மேலஓடைப்பட்டியில் குழாயில் வருவது உப்புத்தண்ணீர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். குடிக்க எல்லோருக்கும் ஓடைக்கரையில் இருக்கும் நல்லதண்ணிக் கிணறுதான். அதன் மேற்குச் சுவர் போன வருடமே சரிந்துவிட்டது. மழைத்தண்ணீர் தெருவைக் கழுவிக்கொண்டு நேராக உள்ளே இறங்குகிறது. பஞ்சாயத்துத் தலைவரிடம் நான்கு முறை சொல்லியாகிவிட்டது. "பாத்துருவோம்மா" என்பார். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

இன்று மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. மூன்றும் கிழக்குத் தெரு. பதினான்கு வீடு ஏறி இறங்கி ஒரே பாட்டைப் பாடினேன்: தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், சும்மா சூடு காட்டினால் போதாது, தளதளவென்று கொதிக்க வேண்டும்.

கடைசி வீடு மாரிச்செல்வி. இருபத்திமூன்று வயது, தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவள். மகள் சஷ்விகாவுக்கு ஒன்றே முக்கால் வயது. கர்ப்பமாக இருந்த நாளிலிருந்து நான் சொன்ன எதையும் மாரிச்செல்வி தட்டியதில்லை. தடுப்பூசித் தேதியை எனக்கே ஞாபகப்படுத்துவாள். இன்று வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, கொதிக்க வச்ச தண்ணி ஆறுறதுக்குள்ள இவ அழுது ஊரக் கூட்டிருவா. சூடாக் குடுத்தா துப்புறா. என்ன செய்யட்டும்?"

"வெளாவிக் குடு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன். ஒன்றை நாய் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அதைத் தேடுவதற்குள் அடுத்த மழை வந்துவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

அரசாங்க நாட்குறிப்பில் எழுதியது: 'கிழக்குத் தெருவில் 14 வீடுகள் பார்வையிடப்பட்டு, காய்ச்சிய குடிநீரின் அவசியம் குறித்துச் சுகாதாரக் கல்வி அளிக்கப்பட்டது.' அளித்தவளுக்கு இடுப்பு வலி என்று எழுத அதில் கட்டம் இல்லை.

செருப்பு கிடைத்தது. வார் இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

ஒன்பது பேர்.

சுகாதார ஆய்வாளர் தனுஷ்கோடி சார் பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். வாளியில் கரைத்துத் தெளியவைத்துக் கிணற்றில் ஊற்றினோம். மருந்து அளவு பார்க்கிற கண்ணாடிக் குழாயில் துளி விட்டால் காலையில் நல்ல மஞ்சள், மருந்து நிற்கிறது என்று அர்த்தம். மத்தியானம் ஒரு மழை. சாயங்காலம் பார்த்தால் வெறும் தண்ணீர்.

"சொவரு கட்டுற வரைக்கும் நாம ஊத்த ஊத்த அது கரைச்சிக்கிட்டுத்தான் போகும் சிஸ்டர். இப்பத்திக்கு அடுப்புதான் வழி. கொதிக்க வைக்கச் சொல்லுங்க, அத மட்டும் விடாமச் சொல்லுங்க."

டீக்கடை வேலுத்தாய் மட்டும் என்னை விடவில்லை. "டீயில மருந்து வாடை அடிக்குன்னு ஒரு பய குடிக்க மாட்டேங்கான் நர்ஸம்மா. கிணத்துல என்னத்தக் கொட்டுனீக?"

"ஒங்க ஆயுச" என்றேன். சிரித்துவிட்டு எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். வாடை அடிக்கத்தான் செய்தது.

அக்டோபர் 18, சனி

இன்று மனதுக்குக் கொஞ்சம் நிம்மதியான நாள்.

மாரிச்செல்வி வீட்டுக்குள் போனேன். விறகடுப்பில் அலுமினியப் பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது, மூடி துள்ளியது. அடுப்புக்குப் பக்கத்தில் கிணற்றுத்தண்ணீர்க் குடம், அதன் வாயில் கவிழ்த்துவைத்த செம்பு. தரையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. சஷ்விகா பச்சை பிளாஸ்டிக் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் மருந்துப் பொட்டலங்களை எண்ணி முடிப்பதற்குள் வெதுவெதுப்பான தண்ணீர் அவள் டம்ளருக்கு வந்துவிட்டது. மடக் மடக்கென்று குடித்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியேதான்க்கா" என்றாள் மாரிச்செல்வி.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டேன். பதினொரு பேர் வந்தார்கள். "பாருங்க, கொதிக்க வைக்கிறதுன்னா இதான். எல்லாரும் இவளப் பாத்துக் கத்துக்கோங்க" என்றேன். மாரிச்செல்வி வெட்கப்பட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் செய்து காட்டினாள். நான் பாதியில் கிளம்பிவிட்டேன், மேற்குத் தெருவில் இரண்டு பேர் புதிதாகப் படுத்திருந்தார்கள்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எனக்குத் தீபாவளி கிடையாது, கிறிஸ்துமஸ்தான். ஆனால் பலகாரம் உண்டு. எட்டு வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் வந்தன. எட்டில் ஐந்து வீட்டில் ஆள் படுத்திருக்கிறது.

பதினெட்டு பேர். வெடிச் சத்தம் கம்மி. ஒரு பிள்ளை மத்தாப்பைப் பிடித்தபடி பாதியில் ஒதுக்குப்புறமாக ஓடியது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஹாஸ்டலிலிருந்து ஷைனி போன் செய்தாள். என் மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள், அதனால் எனக்கே பாடம் நடத்துவாள். "கொதிக்க வச்சும் வருதுன்னா, எங்கயோ பச்சத்தண்ணி உள்ள போகுதும்மா" என்றாள். பொய் சொல்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

இருபத்திரண்டு. தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். கொதிக்க வைக்கிறோம் என்று சொன்ன வீடு பதினேழு. அதில் நோய் வந்த வீடு பதினொன்று. கொதிக்க வைக்காத வீட்டிலும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். அப்படியென்றால் கொதிக்க வைப்பதாகச் சொல்பவர்கள் புளுகுகிறார்கள்.

ஆனால் அடுப்பெல்லாம் புகைந்துதான் கிடக்கிறது. என்னிடம் புளுகுவதற்காக இந்த மழையில் இத்தனை விறகை எரிப்பார்களா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க எனக்கு நேரமில்லை. பொட்டலம் தீர்ந்துவிட்டது, வட்டார சுகாதார நிலையத்துக்குப் போய் வாங்கி வர வேண்டும். ஓர் இடத்தில் உட்காரவே முடியவில்லை. சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.

அக்டோபர் 22, புதன்

சஷ்விகா.

பத்து மணி வாக்கில் மாரிச்செல்வி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். விடிந்ததிலிருந்து பதினோரு தடவை போயிருக்கிறது. கண் உள்ளே போய்விட்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது அப்படியே மடிந்து நின்றது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. உப்புச்சர்க்கரைக் கரைசலை ஸ்பூனால் ஊற்றினேன், கடைவாயில் வழிந்தது. நூற்றியெட்டுக்குப் போன் போட்டேன்.

வண்டி வருவதற்குள் தெருவே கூடிவிட்டது. மாரிச்செல்வியின் புருஷன் காளிராஜ் லோடு வண்டியை அப்படியே நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.

"கொதிக்க வச்சுத்தான் குடுத்தியா? உண்மையச் சொல்லு" என்றேன்.

"சத்தியமாக்கா. நீங்க சொன்ன மாதிரியேதான்."

"நான் சொன்ன மாதிரி செஞ்சிருந்தா புள்ள இப்படிக் கெடக்காது. பொய் சொல்லாத. தீப்பெட்டி ஆபீஸ் வண்டியப் புடிக்கிற அவசரத்துல பச்சத்தண்ணியக் குடுத்திருக்க."

"இல்லக்கா. நீங்க சொன்ன மாதிரியே..."

"வாய மூடு" என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுக்கும் சீட்டில் 'தாய் கொதிக்க வைக்காத நீர் கொடுத்ததாகத் தெரிகிறது' என்று எழுதினேன். 'தெரிகிறது' என்பது சௌகரியமான சொல். யாருக்குத் தெரிகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. காளிராஜ் அந்தச் சீட்டை வாங்கி வண்டியில் ஏறும்போதே படித்தான்.

கோபத்தில் பேசிவிட்டேன். பயம் என்றும் சொல்லலாம். அந்தப் பிள்ளைக்குப் பிறந்த அன்று முதல் எடை பார்த்தவள் நான்.

அக்டோபர் 24, வெள்ளி

மருத்துவ முகாம். முப்பத்தியொன்று. வட்டார சுகாதார நிலையத்து டாக்டரம்மா கேட்டார்: "வீட்டுக்கு வீடு சொல்லியும் ஏன் குறையல?" ஜனங்கள் கேட்க மாட்டேன் என்கிறார்கள் மேடம் என்றேன். தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

சஷ்விகாவுக்கு மூன்று பாட்டில் ஏறியிருக்கிறதாம். கண் திறந்து பார்க்கிறாளாம். இதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பசித்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கினேன். வேலுத்தாய் கடையிலிருந்தே கூப்பிட்டாள்.

"விசயம் தெரியுமா நர்ஸம்மா? நேத்து ஆஸ்பத்திரில புள்ளய வீட்டுக்கு விட்டுட்டாகளாம். வார வழியில, ரோடு பிரியுற நத்தக்காட்டு வெலக்குல மாரிச்செல்விய எறக்கிவிட்டுட்டு, புள்ளய மட்டும் தூக்கிட்டு வந்துட்டான் காளிராசு. நத்தக்காடுதான அவ ஆத்தா வீடு."

"எதுக்கு எறக்கிவிட்டான்?"

"புள்ள வளக்கத் தெரியாதவளுக்குப் புள்ள எதுக்குங்கான். 'நானா சொல்லுதேன், நர்ஸம்மாவே எழுதிக் குடுத்திருக்காக'ன்னு அந்தச் சீட்ட எல்லார்ட்டயும் காட்டுதான்."

பிள்ளை காளிராஜின் அக்கா வீட்டில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். வயிறு சரியாகிவிட்டது. வாசல்படியில் உட்கார்ந்து யார் வந்தாலும் "ம்மா?" என்று எட்டிப் பார்க்கிறது. என்னையும் அப்படித்தான் பார்த்தது. நான் என்று தெரிந்ததும் திரும்பிக்கொண்டது.

அவர்கள் குடும்ப விஷயம். நான் தலையிட முடியாது.

அக்டோபர் 27, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. நனைந்த பலன். தண்ணீர் கொதிக்க வைத்து, மிளகு தட்டிப் போட்டு, டம்ளரில் ஊற்றினேன். உதட்டில் வைக்க முடியவில்லை. மேற்குத் தெருவுக்கு நேரமாகிவிட்டது. கை தானாகக் குடத்துக்குப் போனது. செம்பில் மொண்டு, டம்ளரில் கொஞ்சம் விட்டு, விரல் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் விட்டு...

குடித்துவிட்டேன். குடித்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன்.

என் குடத்தில் இருப்பதும் அதே கிணற்றுத் தண்ணீர்.

டைரியைப் பின்னால் புரட்டினேன். பதினெட்டாம் தேதியில் இருக்கிறது: அடுப்புக்குப் பக்கத்தில் குடம், அதன்மேல் செம்பு. நான் பொட்டலம் எண்ணுவதற்குள் பிள்ளைக்கு வெதுவெதுப்பாக வந்துவிட்டது. கொதிக்கிற தண்ணீர் அதற்குள் எப்படி ஆறும்? எழுதிய எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. இன்னும் புரட்டினேன். பதின்மூன்றாம் தேதியில், டிராக்டர் படத்துக்குக் கீழே, என் கையெழுத்தில் இருக்கிறது. 'வெளாவிக் குடு.'

டைரியை அப்படியே மூடி வைக்கிறேன். வேலை இருக்கிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை இல்லை. எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 29, புதன்

வீடு வீடாகப் போனேன். இந்த முறை அடுப்படிக்குள் போய் நின்று, "நீங்க குடிக்கிற மாதிரியே எனக்கு ஒரு டம்ளர் குடுங்க" என்று கேட்டேன். இருபத்தேழு வீடு. இருபத்திமூன்று வீட்டில், கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, குடத்துத் தண்ணீரை விட்டு, விளாவிக் கொடுத்தார்கள். அன்பாகக் கொடுத்தார்கள். விருந்தாளிக்கு யாராவது நாக்கு சுடத் தருவார்களா? குளிக்கிற தண்ணீரை விளாவுகிறோம், குழந்தைக்கு ஊற்றுகிற தண்ணீரை விளாவுகிறோம், மாட்டுக்குக் காட்டுகிற கழுநீரைக்கூட விளாவுகிறோம். கைக்குப் பழகிய வேலை. நோயைச் சுடவைத்துக் கொன்றுவிட்டு, அதே நோயை ஒரு செம்பு மொண்டு உள்ளே விட்டிருக்கிறார்கள்.

பதினெட்டாம் தேதி செய்முறை பார்த்த பதினொரு பேரும் மாரிச்செல்வி செய்து காட்டிய அதே அளவில், மூன்றுக்கு ஒன்று, அச்சு மாறாமல் விளாவுகிறார்கள். அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னது நான்.

"இனிமே வெளாவக் கூடாது. மூடி வச்சு ஆத்திக் குடிங்க. ஒரு பானை காலையில காய்ச்சி வச்சா மத்தியானத்துக்கு ஆறிரும்" என்று எல்லா வீட்டிலும் சொன்னேன்.

வேலுத்தாய் கேட்டாள்: "இத மொதல்லயே சொல்லலாமுல்ல?"

"இப்பத்தான் மேல இருந்து உத்தரவு வந்திருக்கு" என்றேன்.

இந்த வரியை இங்கே எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டிருக்கலாம்.

அக்டோபர் 30, வியாழன்

புதிதாக ஒருவரும் இல்லை. பதினேழு நாளில் முதல் தடவை.

ஊரே விளாவுகிற விஷயத்தை நேற்றே தனுஷ்கோடி சாரிடம் சொல்லியிருந்தேன், அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு. இன்று போன் செய்தார். "ஜெபக்கனி சிஸ்டர், எப்படிக் கண்டுபுடிச்சீங்க? டாக்டரம்மா அசந்துட்டாங்க. குடியரசு தினத்துக்கு நற்சான்றிதழ் கேட்டு ஒங்க பேர அனுப்பப் போறாங்களாம்."

நன்றி சார் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சாயங்காலம் காளிராஜின் அக்கா வீட்டு வழியாக வந்தேன். வேறு வழியும் இருக்கிறது, அது சுற்று. சஷ்விகா படியில் இல்லை. உள்ளே அழுதுகொண்டிருந்தாள். காளிராஜ் பால் டம்ளரை வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தான். நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

"மாரிச்செல்வியக் கூட்டியாந்துரு தம்பி" என்றேன்.

"நீங்களா இப்படிச் சொல்றீக? அன்னைக்குக் கேட்டீகளே, நாலு பேரு முன்னால, மூஞ்சில அறைஞ்ச மாதிரி. எனக்கு வீட்ல என்ன நடக்குன்னே தெரியாது, நான் ரோட்ல கெடக்கறவன். நீங்க கேட்ட பெறகுதான் எனக்குப் புத்தி வந்துச்சு."

இப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பிள்ளையின் எடையைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். எட்டு கிலோ நூறு. அறுநூறு கிராம் குறைந்திருக்கிறது.

அக்டோபர் 31, வெள்ளி

பதின்மூன்றாம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பிடித்தேன். கிழித்தால் பின்பக்கத்துப் பதினான்காம் தேதியும் போய்விடும். நாய் கடித்த செருப்பும், இடுப்பு வலியும். அது போனால் என்ன? ஒன்றுமில்லை. ஆனாலும் விட்டுவிட்டேன்.

வேறு யாருக்கும் தெரியாது. எனக்கும் மாரிச்செல்விக்கும் மட்டும்தான் தெரியும். அவள் பலமுறை சொன்னாள், 'நீங்க சொன்ன மாதிரியேதான்' என்று. வாயை மூடு என்றேன். மூடிக்கொண்டாள். நத்தக்காட்டிலும் அவள் என் பேரை எடுக்கவில்லை என்று வேலுத்தாய் சொல்கிறாள். ஏனென்றால் அவள், நான் சொன்னது தப்பாக இருக்கும் என்று இன்னும் நினைக்கவில்லை. தன் கைதான் எங்கோ தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதை என்னால் தாங்க முடியவில்லை.

நாளைக்குக் கிராம சபை.

நவம்பர் 1, சனி

பள்ளிக்கூட மைதானத்தில் நூறு பேர் இருக்கும். தலைவர் பேசி, தெருவிளக்கு பேசி, நூறு நாள் வேலை பேசி, பிறகு "நம்ம நர்ஸம்மா நோயக் கட்டுப்படுத்திட்டாங்க, ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்று மைக்கைக் கொடுத்தார். கைதட்டினார்கள்.

பேச நினைத்து எழுதி வைத்த தாள் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. எடுக்கவில்லை.

"மாரிச்செல்வி பச்சத்தண்ணி குடுக்கல" என்றேன். "கொதிக்க வச்சுத்தான் குடுத்தா. சூடா இருக்கு, என்ன செய்யட்டும்னு எங்கிட்டக் கேட்டா. வெளாவிக் குடுன்னு நான்தான் சொன்னேன். ஆத்திக் குடுன்னு சொல்லியிருக்கணும். அவசரத்துல வெளாவுன்னு சொல்லிட்டேன். அவ நான் சொன்னத அப்படியே செஞ்சா. ஒங்க எல்லாருக்கும் அவளப் பாத்துக் கத்துக்கோங்கன்னு சொன்னதும் நான்தான். புள்ள விழுந்தப்ப அவளப் பொய்காரின்னு சொன்னேன், சீட்டுலயும் எழுதுனேன். பொய் அவ சொல்லல. மேல இருந்து உத்தரவு வந்ததுன்னு நான் சொன்னதுதான் பொய்."

முன்வரிசையில் வேலுத்தாய் வாயில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வரிசையில் ஒரு பெண், மகனை முகாமில் மூன்று நாள் வைத்திருந்தவள், எழுந்தாள். என்னைப் பார்த்து என்னமோ சொல்ல வந்தாள். சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தலைவர்தான் முதலில் தெளிந்தார். மைக்கை வாங்கி, "அப்பம், கிணத்துச் சொவரால ஒண்ணும் வரலன்னு நர்ஸம்மாவே சொல்லிட்டாங்க" என்றார்.

மைக்கைத் திரும்பப் பிடுங்கினேன். இதுவரை நான் யாரிடமும் எதையும் பிடுங்கியதில்லை. "சொவரு நின்னுருந்தா தண்ணியக் கொதிக்க வைக்கிற வேலையே வந்திருக்காது. எம் பங்க நான் சொல்லிட்டேன். இனி ஒங்க பங்கச் சொல்லுங்க" என்றேன். அப்போதுதான் கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. அது என்மேல் பாதி, அவர்மேல் பாதி. சுவர் கட்டுவதற்குத் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் விட்டார்கள்.

காளிராஜ் வேப்பமரத்தடியில் நின்றான். கடைசியில் பார்த்தால் இல்லை.

டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். "எழுத்துல கொடுத்திருங்க" என்றார். அந்தச் சீட்டு தவறு என்றும், தவறு என்னுடையது என்றும் எழுதிவிட்டேன். 'தெரிகிறது' போடவில்லை. மெமோ வரும். வரட்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று கோயிலுக்குப் போகவில்லை. ஏழு மணிக்கே வாசலில் லோடு வண்டி. காளிராஜ் முகம் கழுவாத மாதிரி இருந்தான். பக்கத்து சீட்டில் சஷ்விகா, கையில் பச்சை டம்ளர்.

"ஏறுங்கக்கா" என்றான். நர்ஸம்மா இல்லை, அக்கா. ஏறினேன். நத்தக்காட்டு விலக்கு வந்ததும் வண்டியை மெதுவாக்கினான். அவளை இறக்கிவிட்ட இடம் அதுதான் போலிருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர். நிழலுக்கு ஒரு மரம் இல்லை.

மாரிச்செல்வி முற்றத்தில் தீப்பெட்டிகளில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை வண்டியிலிருந்தே கத்திவிட்டது. கையிலிருந்த பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து வாங்கினாள். ரொம்ப நேரம் பிள்ளையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். காளிராஜ் வண்டிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனை அவள் பார்க்கவில்லை.

நான் சொன்னேன். வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. நேற்று மைக்கில் சொன்னதையே மறுபடி சொன்னேன்.

அவள் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"எல்லாரு முன்னாலயுமா சொன்னீக?"

"எல்லாரு முன்னாலயும்."

"எம் பேரச் சொல்லியா?"

"ஒம் பேரச் சொல்லித்தான்."

"பத்து நாளா யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன்க்கா. பானையக் கழுவலையோ, மூடிய மாத்திப் போட்டுட்டேனோ, பிள்ளைக்குக் குடுக்கும்போது எங் கை சுத்தமா இல்லையோன்னு. எங் கையப் பாத்தாலே எனக்குப் பயமா இருந்துச்சு." கையை விரித்துப் பார்த்தாள். குச்சி மருந்து ஒட்டியிருந்தது. "வெளாவுனத நெனைக்கவே இல்ல. அது நீங்க சொன்னதாச்சே."



உள்ளே போனாள். காளிராஜுக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. எனக்கு மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர், முந்தானையால் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆவி பறந்தது.

"சூடா இருக்கு" என்றாள். "வெளாவித் தரட்டாக்கா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

"வேணாம்மா. ஆறட்டும்" என்றேன்.

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவளும் எதிரில் உட்கார்ந்தாள். பிள்ளை அவள் மடியில் தூங்கிவிட்டது. காளிராஜ் மெதுவாக வந்து, சிந்திக் கிடந்த குச்சிகளைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினான். தப்புத் தப்பாக அடுக்கினான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மருந்து முனையெல்லாம் ஒரே பக்கமா வரணும்" என்றாள் அவனிடம்.

தண்ணீர் ஆற இருபது நிமிடம் ஆனது. பதின்மூன்றாம் தேதி அவள் வாசலில் நான் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கலாம்.